மழைக்காலத்தில் முழுதாக இறைக்கக் கூடாது

ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. ஆனாலும் வாரத்தில் ஒரு தடவையாவது யாராவது போன் எடுப்பார்கள். "அண்ணே, எங்க வீட்டு டாங்கி மூடி எங்கண்ணே இருக்கு?" வீட்டைக் கட்டியவர் போய்ச் சேர்ந்திருப்பார். மகன் பின்முற்றத்துக்கு டைல்ஸ் போட்டிருப்பான், மருமகள் அதன் மேல் பூச்சட்டி வைத்திருப்பாள். கக்கூஸ் பொங்கும் நாளில்தான் நிலத்துக்குக் கீழே ஒரு டாங்கி இருப்பது அவர்கள் நினைவுக்கு வரும். நான் வீட்டில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன். "குசினி ஜன்னல்ல இருந்து எட்டடி, கொய்யா மரத்துப் பக்கம். மரத்த வெட்டிட்டீங்களா? அடிக்கட்டை இருக்கும், தேடுங்க."

பிரதேச சபை வேலையில் நாற்பது வருடம் இருந்தேன். நடுவில் வில்கமுவையில் கழித்த பதினொரு வருடத்தைத் தவிர மீதி அநேகமாக முழுவதும் பவுசரில்தான், அதாவது வீட்டு மலக்குழிகளை உறிஞ்சி எடுக்கிற வண்டியில். இப்போது சபை ஒரு புது ஏற்பாடு செய்கிறது. உக்குவளைப் பக்கத்து வீடுகளின் டாங்கிகள் எங்கெங்கே இருக்கின்றன, எவ்வளவு ஆழம், கடைசியாக எப்போது இறைத்தது என்று எல்லாவற்றையும் ஒரு போனில் ஏற்றுகிறார்கள். அதற்குப் பொறுப்பான தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஷஃப்னா ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தாள்.

"அங்கிள், சபைல ஒரு ஃபைலும் உருப்படியா இல்ல. எல்லாம் உங்க தலைக்குள்ள தான் இருக்காம். சனிக்கிழமைல கொஞ்சம் எங்களோட நடந்து வாங்களேன்."

ஆறு சனிக்கிழமை நடந்தோம். கடைசிச் சனிக்கிழமை ரயில் பாதைக்குக் கீழே இருக்கும் அந்த ஒடுங்கிய ஒழுங்கைக்குப் போனோம். கிட்டத்தட்ட முப்பது வருடமாக நான் கால் வைக்காத ஒழுங்கை அது. அங்கே ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்கு வந்த சம்பந்தத்தை நான் கெடுத்தேன். அப்படித்தான் அன்று காலை வரை நினைத்திருந்தேன். அந்தப் பெண்ணை நான் நேசித்ததையும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. வேலை அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி ஷஃப்னா கேட்டபோது, இதை விட்டுவிட்டு மற்றதை எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். நான் இருபது வயதில் சபையில் வடிகால் காண் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாம் வருடம் பவுசருக்கு ஆள் குறைந்தது, என்னைப் போட்டார்கள். முதல் வாரம் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் வாரம் இறங்கியது. பயிற்சி என்று சொல்ல அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் கற்றுத் தந்தது பியதாச மாத்தயா. சபையின் மேற்பார்வையாளர் அவர். ஒல்லியான மனிதர், காக்கித் தொப்பி, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனை. சிங்களவர், மாத்தயா என்றால் அவர்கள் பாஷையில் ஐயா. தமிழைச் சந்தையில் கற்றுக்கொண்டவர். யாரோடும் 'நீங்க' போட்டுத்தான் பேசுவார். குரைக்கிற நாயைக்கூட "கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க" என்பார். பவுசர் வந்தால் தெருவே ஜன்னலைச் சாத்தும். எங்களைக் கண்டதும் வீட்டுக்காரர்கள் பின்பக்கத்தைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். மாத்தயா விடமாட்டார். தொப்பியைக் கழற்றி, முன்வாசல் கதவைத் தட்டி, மூன்று கேள்வி கேட்பார். வீட்டில் எத்தனை பேர்? கடைசியாக எப்போது திறந்தது? கிணறு எங்கே? மூன்றுக்கும் பதில் வராமல் மூடியைக் கிளப்பும் அலவாங்கைத் தொடக்கூட எங்களை விடமாட்டார்.

பிறகு அவருடைய கம்பு வரும். எட்டடி மூங்கில், கீழ்ப்பாதியில் பழைய வெள்ளைச் சாரத்தைக் கிழித்து இறுக்கச் சுற்றியிருக்கும். அதை டாங்கிக்குள் மெதுவாக, கலங்காமல், அடி தட்டும் வரை இறக்குவார். எக்காய், தெக்காய் என்று சிங்களத்தில் அறுபது வரை எண்ணுவார். மெதுவாக வெளியே எடுப்பார். துணியில் கறுப்பாகப் பிடித்திருப்பது அடியில் தங்கிய சேறு, அதற்கு மேல் மங்கலாக நனைந்திருப்பது வெறும் தண்ணீர். ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சேறு ஏறியிருந்தால்தான் இறைக்க வேண்டும். இல்லாவிட்டால், எத்தனை விண்ணப்பம் எழுதியிருந்தாலும், "உங்க டாங்கி நல்ல சுகம். அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று மூடிவிடுவார்.

இறைப்பதென்றால் இரண்டு மூடியையும் திறந்து அரை மணித்தியாலம் தள்ளி நிற்க வேண்டும். உள்ளே இருக்கிற வாயு ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, பீடி கூடாது, என்ன விழுந்தாலும் உள்ளே இறங்கக் கூடாது. மேலே பாலாடை போலக் கட்டியிருப்பதைக் கம்பால் உடைத்துவிட்டுத்தான் குழாயைப் போடுவோம். ஒரு தடவை மிளகுத் தோட்டக்காரர் வீடொன்றில் குழாய் அடைத்துக்கொண்டே இருந்தது. என்னவென்று பார்த்தால், வெள்ளை மிளகுக்கு ஊறவைத்துக் கழுவிய தோல் முழுவதையும் வருடக்கணக்காகக் கக்கூசில் ஊற்றியிருக்கிறார்கள். மாத்தயா கம்பை முகர்ந்து பார்த்துவிட்டு, "உங்க டாங்கில இறைச்சிக் கறி வைக்கலாம்" என்றார். அவர் சிரிக்கவில்லை. நாங்கள் பவுசருக்குப் பின்னால் போய்ச் சிரித்தோம்.

வேலை முடிந்தால் தேத்தண்ணீர் வரும். மாத்தயாவுக்கு முன்பக்கம், கோப்பையில். எங்களுக்குப் பின்பக்கம், ஜாம் போத்தலிலோ கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் குவளையிலோ. நாங்கள் போனதும் அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். இதில் எனக்குப் பெரிய கோபம் ஒன்றும் இருந்ததில்லை, பழகிவிட்டது. அதனால்தான், நான் சொன்ன அந்தப் பெண் ரெஜினாவின் வீட்டில், கோப்பையைக் கையில் வாங்க முதல் நாள் தயங்கினேன்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. ரெஜினா தையல் படித்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா இல்லை, அம்மாவும் அவளும் மட்டும். அண்ணன் குவைத்தில். அவன் லீவில் வந்தபோது கொழும்பிலிருந்து கறுப்பு பிளாஸ்டிக் டாங்கி ஒன்றைக் கொண்டுவந்து பின்முற்றத்தில் புதைத்துவிட்டுப் போயிருந்தான். எங்கள் பகுதிக்கு அப்படி வந்த முதல் டாங்கி அதுதான். கக்கூசில் தண்ணீர் இறங்கும்போது குடுகுடுவென்று சத்தம் வருகிறதென்று விண்ணப்பம் வந்திருந்தது. காற்றுப் போகும் குழாயை வேலை செய்த மேசன் பாஸ் வைக்க மறந்துவிட்டார். அதைப் பூட்டிக் கொடுத்தோம். முடிந்ததும், ரோசாப்பூப் போட்ட இரண்டு கோப்பை, சாசரோடு. ஒன்று மாத்தயாவுக்கு, மற்றது எனக்கு.

"குடிங்க. சீனி காணாட்டி சொல்லுங்க," என்றாள்.

எல்லா வீட்டிலும் என்னை அண்ணே என்பார்கள், கிழவிகள் தம்பி என்பார்கள். ரெஜினா ஒரு நாளும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. கக்கூஸ் அள்ளுகிறவனோடு உறவுமுறை வைக்க விருப்பமில்லை போலும் என்று எடுத்துக்கொண்டேன். அந்த ரோசாப்பூக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அப்படி நினைத்த மடையன் நான்.

நான்கு மாதத்தில் மறுபடி விண்ணப்பம், டாங்கி நிரம்பிவிட்டது என்று. மாத்தயா கம்பை இறக்கினார், துணியில் நான்கு விரல் சேறுகூட இல்லை. இன்னும் மூன்று மாதத்தில் இன்னொரு விண்ணப்பம். அன்று மாத்தயா கம்பை எடுக்கவே இல்லை. பவுசரை விட்டு இறங்காமலே, "செபஸ்தியான், இந்த வீட்டு டாங்கிக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார். டிரைவர் இருமினான். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் போனேன்.

அன்றைக்கு அவளுக்கு நான் ஒன்று காட்டினேன். வயல் ஓரத்து நிலம் அது, மாரியில் இரண்டடி தோண்டினால் தண்ணீர் வரும். கொங்கிரீட் டாங்கி பாரத்தில் கிடக்கும். பிளாஸ்டிக் அப்படியில்லை. மழைக்காலத்தில் முழுதாக இறைத்துவிட்டால் நிலத்தடித் தண்ணீர் அதைத் தோணி போலத் தூக்கிவிடும். சொன்னால் விளங்காதென்று, அவள் உடுப்புத் துவைக்கும் பேசினில் தண்ணீர் நிரப்பி, வெறும் குவளை ஒன்றை அமுக்கிக் காட்டினேன். கையை எடுத்ததும் குவளை துள்ளி வந்து என் சட்டையெல்லாம் தண்ணீர் அடித்தது. பாதி நிரப்பி விட்டபோது துள்ளாமல் அமிழ்ந்து நின்றது.

"அப்ப மழைல முழுசா எடுத்தா மேல வந்துருமா?"

"நிச்சயமா வந்துரும். குழாயெல்லாம் ஒடச்சுக்கிட்டு வரும்."

அவள் தானும் ஒரு தடவை குவளையை அமுக்கிப் பார்த்தாள். துள்ளியதும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அந்தக் குவளையை இன்னும் நூறு தடவை அமுக்கியிருப்பேன்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. மாத்தயா மகளின் பிரசவத்துக்காக லீவில் போயிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை ரெஜினா குடையோடு சபைக்கே வந்தாள்.

"நாளைக்கு வீட்டுக்கு ஆள் வாராங்க. என்னையப் பார்க்க," என்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நிலத்தைப் பார்த்தேன். "டாங்கிய முழுசா எடுத்துருங்க. ஒரு சொட்டு இருக்கக் கூடாது."

"மழைங்க. நான் சொன்னேன்ல..."

"எங்க வீட்டு டாங்கி தானே. நான் சொல்றேன், எடுங்க."

அதுவரை அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இனிமேல் கேட்கவும் போவதில்லை என்று நினைத்தேன். அதுதான் என் புத்தியைக் கெடுத்தது. அன்று பின்னேரம் போய், அடிவரை உறிஞ்சி, சுவரையும் கழுவி எடுத்தேன். போகும்போது, "நாங்க போனதும் டேப்பத் தொறந்து விட்டுருங்க. பாதியாச்சும் நெறையணும், மறந்துராதீங்க" என்றேன். சரி என்று தலையாட்டினாள். அன்றைக்கும் ரோசாப்பூக் கோப்பைதான். குடிக்காமலே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்திறங்கியிருக்கிறார்கள். பலகாரம் வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா கக்கூஸ் எங்கே என்று கேட்டு எழும்பியிருக்கிறார். அந்த நேரத்தில் பின்முற்றம் பிளந்தது. டாங்கி இரண்டடி மேலே வந்து, குழாயைப் பிடுங்கி, கக்கூஸ் கொமட்டைச் சாய்த்து, சுவரிலும் ஒரு வெடிப்பு விட்டுவிட்டது. நாற்றத்துக்கு லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லோரும் வேனில் ஏறியவர்கள்தான், திரும்பி வரவில்லை. நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் நிலமே வெடித்தால் யார் வருவார்கள்?

திங்கட்கிழமை மாத்தயா லீவு முடிந்து வந்து, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். காய்ந்து கிடந்தது. டேப்பைத் திறக்க மறந்துவிட்டாள், ஆட்கள் வருகிற அவசரத்தில் யாருக்குத்தான் நினைவிருக்கும் என்று எண்ணினேன்.

"யார் சொன்னது முழுசா எடுக்க?"

"யாரும் சொல்லலைங்க மாத்தயா. நான்தான் மறந்துட்டேன்."

அவர் குசினி ஜன்னலைப் பார்த்தார். அங்கே ரெஜினா நின்றாள். பிறகு என்னைப் பார்த்தார். "மறக்கிற ஆள் இல்ல நீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, அறிக்கையில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்.

அதைச் சரிசெய்ய நான்கு நாள் எடுத்தது. குழித் தண்ணீரை இறைத்து, டாங்கியை நேராக இறக்கி, வெளியே மண் ஏற ஏற உள்ளே தண்ணீர் நிரப்பி, கழுத்தைச் சுற்றிக் கொங்கிரீட் வளையம் போட்டுக் கம்பியால் இறுக்கினோம். இனி எந்த மழைக்கும் இலேசில் அசையாது. நான்கு நாளும் அவளுடைய அம்மா வாசலில் நின்று, கக்கூஸ் அள்ளுகிறவனால் என் மகளின் வாழ்க்கை போச்சு என்று ஏசிக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தையும் பொய்யில்லை என்று கேட்டுக்கொண்டு சாந்து குழைத்தேன். கடைசி நாள் ரெஜினா பின்வாசல் படிவரை வந்தாள். அவளுடைய செருப்பு எனக்குத் தெரிந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்திருப்பாள். நான் தலையைத் தூக்கவில்லை. உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டார், செருப்பு போய்விட்டது.

அந்த வாரமே வில்கமுவைக்கு மாற்றம் கேட்டு எழுதினேன். மாத்தயா கடிதத்தை வாங்கி வாசித்தார். "அங்க டாங்கி இல்ல, யானை தான் இருக்கு. யோசிச்சுப் பாருங்க," என்றார். நான் யோசிக்கவில்லை. அவரும் கையெழுத்துப் போட்டார். வில்கமுவையில் குழிக் கக்கூசுகளுக்குக் கொங்கிரீட் தட்டு வார்த்தேன். யானை மிதித்து உடைக்கும், மறுபடி வார்ப்பேன். மழை பிடித்தால் அந்தப் பின்முற்றம்தான் நினைவுக்கு வரும். வளையம் பிடிக்குமா, டேப் ஒழுகாமல் இருக்குமா, அவளுக்கு இன்னொரு சம்பந்தம் அமைந்திருக்குமா என்று கிடந்து தவிப்பேன். என் அம்மா பார்த்த இரண்டு பெண்ணையும் வேண்டாமென்றேன். காரணம் கேட்டபோது வேலையைச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது மாத்தயா ஓய்வு பெற்றுக் காலமாகியிருந்தார். ரெஜினாவுக்குக் கண்டியில் ஒரு வாத்தியாரோடு கல்யாணம் முடிந்து வெகு காலமென்று கேள்விப்பட்டேன். நெஞ்சு பாரம் இறங்கியதா ஏறியதா என்று எனக்கே தெரியவில்லை. அந்த ஒழுங்கைக்கு வேறு ஆட்களையே அனுப்பினேன்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை ஷஃப்னாவோடு போனபோது கதவைத் திறந்தது ஒரு நரைத்த மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "வாங்கண்ணே, உள்ள வாங்க. ரிட்டயர் ஆகி போன மாசம் தான் கண்டில இருந்து வந்தோம். டாங்கி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது" என்றார். கண்டி வாத்தியார் சேர் இவர்தான் என்று விளங்கியது. நல்ல மனிதர். கைகொடுத்தார். அவர் பின்னால் ரெஜினா நின்றாள். முடி முழுக்க வெள்ளை. பார்வை மட்டும் சபைக்குக் குடையோடு வந்த அன்றைய பார்வை.

பின்முற்றத்தில் புல் மண்டியிருந்தது. நேராகப் போய் நின்று, இங்கே என்றேன். அலவாங்கால் தட்டியதும் மூடி சத்தம் கொடுத்தது. வளையத்தில் ஒரு வெடிப்பு இல்லை. தூறல் தொடங்கியது. சேர் குடை எடுக்க உள்ளே போனார். ஷஃப்னா கிணற்றுக்குத் தூரம் அளக்க நாடாவோடு அந்தப் பக்கம் போனாள். நான் மூடியைத் திறந்து, கம்பை இறக்கிவிட்டு எண்ணத் தொடங்கினேன்.

"டேப்பத் தொறந்து விடச் சொன்னீங்க," என்றாள் ரெஜினா, மெதுவாக. "நான் தொறக்கல."

"மறந்துட்டீங்க. பரவாயில்லங்க, எவ்வளவோ காலமாச்சு."

"நீங்க சொன்னதுல நான் எதைய மறந்தேன்?" அவள் குரலில் கோபம் இருந்தது. "பேசின்ல குவளைய அமுக்கிக் காட்டுனீங்க. மழைல முழுசா எடுத்தா நிச்சயமா மேல வரும்னீங்க. அதுக்குத் தானே வந்து கேட்டேன். எனக்கு அந்தச் சம்பந்தம் வேணாம். அம்மாக்கிட்ட சொல்ல வாய் வரல. டாங்கிய வச்சு சொன்னேன்."

எண்ணிக்கை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உங்களுக்கு வெளங்கும்னு நெனச்சேன். கடைசி நாள் சொல்லத் தான் வந்தேன். நீங்க நிமிரல. அதுக்குப் பொறகு பவுசர்ல வேற ஆள் தான் வந்தாங்க. ரெண்டு வருஷம் பார்த்தேன். ஒரு தடவ சாக்குத் துண்டக்கூட உள்ள போட்டேன், அடைக்கட்டும்னு."

"நான் வில்கமுவைல இருந்தேன்," என்றேன். முப்பது வருடத்துக்கு எனக்குச் சொல்ல இருந்தது அவ்வளவுதான்.

"தெரியும். மாத்தயாக்கிட்ட கேட்டேன்."

சேர் குடையோடு வந்தார். அதை என் தலைக்கு மேல் பிடித்தார், தான் நனைந்துகொண்டு. "எப்படிண்ணே, நெறஞ்சிருச்சா? எடுக்கணுமா?"

கம்பை மேலே எடுத்தேன். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிச் சேறு ஏறியிருந்தது. இரண்டு தடவை பார்த்தேன். "எடுக்கத் தான் வேணும் சேர். ஆனா இப்ப வேணாம், தை மாசம் மழை விட்டதும் எடுக்கலாம்."

தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். இன்னும் நான்கு வீடு பாக்கி என்று சொல்லிவிட்டேன். ரெஜினா வற்புறுத்தவில்லை. படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை நான் நிமிர்ந்து பார்த்தேன்.

ஒழுங்கை முனையில் ஷஃப்னா நின்று போனைத் தட்டினாள். நீளம், ஆழம், கிணற்றுத் தூரம், எல்லாம் சொன்னேன். "குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு அங்கிள். ஏதாச்சும் போடணுமா?"

"போடு மகள். மழைக்காலத்தில் முழுதாக இறைக்கக் கூடாது."

அவள் தட்டினாள். "அவ்வளவு தானா?"

"வீட்டு அம்மாவுக்கு இது தெரியும்னும் போடு."